மூன்று நாத்தனார்களும் நொண்டும் தறியும்

போன வாரம் பிரவீணா போன் செய்தாள். அவிநாசி ரோட்டில் நான் முன்பு வேலை பார்த்த ஓட்டலில் இப்போது ரெஸ்டாரண்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்.

"அண்ணா, ஒரு எமர்ஜென்சிங்க."

எமர்ஜென்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பசிக்கும். மற்றவர்களுக்குப் பதற்றம் வந்தால் வியர்க்கும், கை நடுங்கும். எனக்கு வயிறு கூப்பிடும். டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டுதான், "சொல்லு கண்ணு" என்றேன்.

"பாட்டுப் பொட்டியெல்லாம் ஓரங்கட்டிப்போட்டு கம்ப்யூட்டர்ல ஆப்பு ஒண்ணு வெச்சுட்டாங்கண்ணா. ஜாஸ்னு அமுக்குனா அது இஷ்டத்துக்குப் பாடுதுங்க. மத்தியானத்துல தாலாட்டுப் பாடுது, ராத்திரியில துள்ளிக் குதிக்குது. நேத்து ஒருத்தரு தயிர்சாதம் வாரதுக்கு முன்னாடியே தூங்கிட்டாருங்க. எந்த ஆல்பத்தைக் கேக்கோணும், எப்படிக் கேக்கோணும்னு நீங்கதான் எழுதித் தரோணும்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடமாக வீட்டில் இருக்கும் மனிதனிடம் யாராவது வந்து 'நீங்கதான்' என்று சொன்னால் மறுக்க மனம் வருமா? என் மனைவிக்கு மட்டும் இந்த ஓய்வு என்ற சொல்லிலேயே நம்பிக்கை கிடையாது. "ஏசி ரூம்ல உக்காந்து பாட்டுப் போட்டதுக்குப் பேரு வேலையாக்கும்? நீங்க இத்தனை வருசமா எடுத்ததுதானுங்க ஓய்வு. இப்பத்தான் ரேசன் கடைக்குப் போறீங்க, வேலை செய்யறீங்க" என்பாள்.

ரெஸ்டாரண்டுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பாட்டுப் போடுவதுதான் என் வேலை. எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. அதிலும் குரலை முன்னால் வைத்துப் பாடுகிற ஜாஸ், கூடவே ஆளை உட்காரவிடாத ஸ்விங். கோயமுத்தூரில் இதற்கென்று சம்பளம் வாங்கிய ஆட்கள் என்னைத் தவிர யாராவது இருந்திருந்தால் அவர் காலில் விழுந்து கும்பிடுகிறேன். நாங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கலாம்.

இந்த வேலைக்கு நான் வந்ததே ஒரு ரிப்பேரினால்தான். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படித்துவிட்டு ஓட்டலில் ஃபேன், மோட்டார், குழல்விளக்கு என்று சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பஃபே மேசைக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் கரகரவென்று கிழிந்த சத்தம் போட்டது. கழற்றி வேறு ஒன்றை மாட்டினேன். அதுவும் கரகரத்தது. ஒயரை மாற்றினேன். கரகரப்பு போகவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மேசைமேல் பரப்பியபோது பின்னால் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேன், அது ஸ்பீக்கர் இல்ல. பாடுறவர் குரலே அப்படித்தான்."

அவர்தான் பெனடிக்ட் சார். ரெஸ்டாரண்ட் மேனேஜர். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். அப்பா ரயில் ஓட்டினார், வீட்டில் எல்லோரும் நடனமாடினார்கள் என்று சொல்வார். அந்தக் கரகரப்புக்காரருக்கு நான் அன்றைக்கே 'சளிக்காரர்' என்று பெயர் வைத்தேன். பெனடிக்ட் சாருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் என்னை ஸ்டூலிலிருந்து இறக்கிப் பாட்டு அறையில் உட்காரவைத்தார். ஒரு குரலுக்காக இரண்டு ஸ்பீக்கரைப் பலி கொடுத்தவன் காது கொடுத்துக் கேட்பான் என்பது அவர் கணக்கு.

அப்படியே எல்லா ஆல்பத்துக்கும் எங்களிடம் பட்டப்பெயர் வந்தது. சர்வர்கள் கண்ணாடியைத் தட்டிச் சொல்வதற்கு சி.டி. அட்டையில் இருக்கிற பெயரெல்லாம் சரிப்படாது. "ஒம்போதாம் டேபிள்ல நீலச்சேலை அம்மணி கேக்கறாங்க" என்றால் எனக்குப் புரிந்துவிடும். அட்டையில் அந்தப் பெண்மணி போட்டிருப்பது சேலையில்லை, தரையைத் துடைக்கிற நீளத்தில் ஒரு கவுன். எங்களுக்குச் சேலைதான்.

பெனடிக்ட் சாரின் நடைமுறையைச் சொல்லியாக வேண்டும், பிரவீணா. உன் ஆப்புக்கு அது தெரியாது. புது ஆல்பம் எது வந்தாலும் அவர் மூலை மேசையில் உட்கார்ந்து ஒரு நெய் ரோஸ்ட் சொல்வார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சாப்பிட்டபடி கேட்பார். பாட்டு ஓடுவதே தெரியாமல் ரோஸ்ட் முழுதும் உள்ளே போய்விட்டால் ஆல்பம் ஃபெயில். மெல்லுவதை மறந்து பாட்டில் லயித்துப்போய் ரோஸ்ட் ஆறிவிட்டாலும் ஃபெயில். "இது ரொம்ப நல்லா இருக்கு மேன், ரெஸ்டாரண்டுக்கு ஆகாது" என்று அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். சாப்பிட்டுக்கொண்டே விரலால் டம்ளரை ஒரு தட்டு தட்டினால்தான் பாஸ். அந்தத் தட்டுக்காக நான் கண்ணாடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பரீட்சை எழுதுவது நானில்லை என்பது பல சமயம் எனக்கு மறந்துபோகும்.

"பாடுறவங்க சாப்பிடுறவனுக்குப் பின்னாடி நிக்கணும். முன்னாடி வந்து தட்டை எட்டிப் பாக்கக்கூடாது" என்பார். மத்தியானத்துக்கு ஸ்விங், கை வேகமாகப் போகும், மேசை சீக்கிரம் காலியாகும். ராத்திரிக்கு மெல்லிய குரல். ஐஸ்கிரீம் சொல்லத் தோன்றும். பாடுகிறவரை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது எல்லாவற்றுக்கும் மேலான சட்டம். சாப்பிடுகிறவன் முன்னாலிருந்து இலையை உருவுவதும் பாட்டைப் பாதியில் வெட்டுவதும் அவருக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்வார்: சிரித்துக்கொண்டே பாடுகிறார்களே என்று நம்பிவிடக் கூடாது. ஸ்விங்கில் புருஷன் ஓடிப்போனதையும் துள்ளலாகத்தான் பாடுவார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து உட்கார்ந்தால் வரிகளைப் பார்த்துப் போட வேண்டும்.

சரி, எதைக் கேட்பது? என் கையில் ஒன்றே ஒன்றுதான் கொடுப்பார்கள் என்றால் நீலச்சேலை அம்மணியைக் கேட்பேன். ஒரு குரல், ஒரு கிடார், அவ்வளவுதான். அந்தம்மா ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். கிடார் வாசலில் நின்று காத்திருக்கும். அவர் வந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போவார்கள். அந்தத் தாமதத்தில்தான் முழுச் சுகமும் இருக்கிறது.

அடுத்தது 'மூணு நாத்தனார்'. மூன்று பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுகிற ஆல்பம். பின்னால் டிரம், ஊதுகுழல் எல்லாம் உண்டு. மூன்று பேரும் மூன்று சுரத்தில் பாடினாலும் ஒருவரையொருவர் இடிக்காமல் ஒரே வளைவில் திரும்புவார்கள். எந்த வீட்டிலும் மூன்று நாத்தனார்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

அப்புறம் 'தகதிமி அக்கா'. பாட்டுக்கு நடுவே வார்த்தைகளையெல்லாம் உதறிவிட்டு 'டுபிடுபி டாபா' என்று வெறும் சொற்கட்டாகப் பாய்வார். முதன்முதலில் கேட்டபோது நான் சி.டி. கீறிவிட்டது என்று முடிவுகட்டி, துடைத்து, தேய்த்து, கடைசியில் கடைக்கே எடுத்துப்போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் இன்னொன்று கொடுத்தார். அதுவும் அதே இடத்தில் கீறியிருந்தது. எவ்வளவு துல்லியமான கீறல் என்று வியந்துகொண்டே திரும்பி வந்தேன். பெனடிக்ட் சார் அன்றைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

முதலாளிக்கு எங்கள் பாட்டு எப்போதுமே பிடித்ததில்லை. சினிமாப் பாட்டுப் போட்டால் கூட்டம் வரும், பாட்டு அறையில் வெங்காய மூட்டை அடுக்கலாம் என்று ரொம்ப நாளாக அவருக்கு ஒரு கண். வெள்ளிக்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் சோமனூர்ல இருந்து தறிக்காரங்க குடும்பம் வருதுங்க. பொண்ணு கல்யாண ரிசப்சனுக்குப் பெரிய ஹாலைப் பாக்கறாங்க. சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் புக் பண்ணுவாங்களாம். உங்க பாட்டைக் கேட்டுப்போட்டு அவங்க எந்திரிச்சுப் போனாங்கன்னா, திங்கக்கெழம அந்த ரூம்ல வெங்காயம் இருக்கும்." என் பக்கம் திரும்பி, "நீ லாண்டரியில இருப்பே" என்றார்.

லாண்டரி! நான் ஒரு பெட்ஷீட்டை மடிக்க மூன்று பேர் வேண்டும். ஒரு முனையைப் பிடிக்க ஒருவர், மறுமுனைக்கு நான், உள்ளே சுருண்டுகொண்ட என்னை வெளியே எடுக்க இன்னொருவர். இரண்டு நாளும் நான் சாப்பிட்டதை மனைவி பார்த்துவிட்டு, "என்னுங்க பிரச்சினை?" என்று நேரடியாகவே கேட்டாள்.

பெனடிக்ட் சார் மட்டும் அசையவில்லை. "சினிமாப் பாட்டு அவங்க வீட்டுலயே இருக்கு. அதைக் கேக்க இங்க எதுக்கு வரணும்? மத்தியானம்னா ஸ்விங். மூணு நாத்தனார் போடு மேன்" என்று சொல்லிவிட்டு டையைச் சரிசெய்துகொண்டார். அந்த டையின் முடிச்சு மட்டும் அன்று வழக்கத்தைவிடச் சின்னதாக இறுகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பழனிசாமி என்பவர் குடும்பத் தலைவர், சோமனூரில் விசைத்தறிகள் ஓடும் குடோன் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் தம்பி அதே வெள்ளையில் கொஞ்சம் சின்ன அளவு. பழனிசாமியின் மனைவி சரசு. கல்யாணப் பெண் திவ்யா. நான்கு பேரும் என் கண்ணாடிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்கள். சூப் வந்தது. நாத்தனார்களை ஓடவிட்டேன்.

பழனிசாமி ஸ்பூனை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பியும் ஸ்பூனோடு அப்படியே உறைந்திருந்தார். இருவரும் ஒன்றாகக் கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலை. பிறகு ஏசி மெஷினை. தம்பி எழுந்து போய் ஏசியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டியபடி திரும்பி வந்தார்.

பாட்டு அறையில் காப்பிக்கென்று வைத்திருந்த சர்க்கரைக் கட்டிகள் ஒரு கிண்ணம் நிறைய இருந்தன. நான் தின்னத் தொடங்கினேன்.

பெனடிக்ட் சார் மேசைக்குப் போய்க் குனிந்தார். நான் ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்திக் காது கொடுத்தேன். "சாப்பாட்டுல ஏதாவது குறைங்களா?"

"சாப்பாடெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் பழனிசாமி. அவர் காது இன்னும் வேறெங்கோ இருந்தது. "எங்கியோ தறி நொண்டுதுங்க."

"இங்க தறி எதுவும் இல்லீங்களே சார்."

"அண்ணன் சொல்றது சரிதானுங்க" என்றார் தம்பி. "அடி ஒண்ணு நீட்டமா உழுகுது, ஒண்ணு குட்டையா உழுகுது. நாடா பறக்கப்போகுதுங்க."

எனக்குச் சட்டென்று புரிந்தது, புரிந்ததும் இன்னும் இரண்டு கட்டி உள்ளே போயிற்று. சோமனூரில் குடோனும் வீடும் ஒட்டித்தான் இருக்கும். விடிந்தால் அடைந்தால் தறிச்சத்தத்திலேயே உண்டு, உறங்கி, குழந்தை பெற்று வளர்க்கிறவர்கள். அத்தனை தறியும் ஒரே சீராக அடிக்கிறவரை அவர்கள் காதில் எதுவும் விழாது. ஒரு தறி மட்டும் ஒரு அடி பிசகினால் போதும், கையில் சோற்றோடு எழுந்து ஓடுவார்கள். ஓடாவிட்டால் தறியில் நீளவாட்டில் பூட்டிய பாவு நூல் அறுந்துபோகும். இல்லையென்றால் ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா தறியைவிட்டுப் பறந்து யார் நெற்றியையாவது பார்க்கும்.

ஸ்விங்கின் உயிரே அந்த நெட்டையும் குட்டையும்தான். டிரம்காரர் அடியைச் சமமாகப் பிரிக்கமாட்டார். ஒன்றை இழுப்பார், ஒன்றைச் சுருக்குவார். 'டிங், டிங்க டிங், டிங்க டிங்.' உலகத்தில் எந்த ஊர்க்காரனும் இதைக் கேட்டால் தோளை ஆட்டுவான். சோமனூர்க்காரன் மட்டும் மெயின் சுவிட்சைத் தேடுவான்.

டிரம் இல்லாத ஆல்பத்துக்கு மாற வேண்டும். நீலச்சேலை அம்மணி! பாட்டு முடிந்த அந்த ஒரு மூச்சு இடைவெளியில் நான் பாய்ந்து மாற்றினேன். நீல அட்டையை எடுத்தேன், சி.டி.யைப் போட்டேன், பட்டனை அமுக்கினேன். எல்லாம் சரி. ஆனால் அலமாரியில் தகதிமி அக்காவின் அட்டையும் நீலம்தான்.

இரட்டை வேகத்தில் டிரம் வெடித்தது. அதன்மேல் அக்கா 'டுபிடுபி டாபா' என்று ஏறி உட்கார்ந்தார்.

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார். "அண்ணா, மொத்தக் குடோனும் போச்சுங்க!"

நான் பட்டனை நோக்கிக் கை நீட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெனடிக்ட் சார் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். தொடாதே. பாடுகிறவரை நடுவில் நிறுத்தக் கூடாது. வெங்காயம் வாசலில் வந்து நிற்கும்போதும் சட்டம் சட்டம்தான். குரலையாவது குறைக்கலாம் என்று குமிழைத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதை அக்கா உடனே ஊருக்கு அறிவித்தார்.

பழனிசாமி எழுந்து நேராக என் கதவை நோக்கி நடந்து வந்தார். நான் செய்த வீரச் செயலை மறைக்காமல் எழுதுகிறேன்: சர்க்கரைக் கிண்ணத்தோடு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியின் கரை தெரிந்தது.

"ஏனுங்க தம்பி, மெஷினு எங்கீங்க ஓடுது?"

"மெ... மெஷினு இல்லீங்கய்யா. பாட்டுங்க."

"பாட்டா? அதெதுக்குங்க இப்படி நொண்டுது? ஆரும் பாக்க மாட்டீங்களா?"

அவர் குரலில் கோபமே இல்லை. அடுத்தவர் குடோனில் நஷ்டம் நடக்கிறதே என்கிற பரிதவிப்புதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபப்படுகிறவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். உதவி செய்ய வருகிறவரை என்ன செய்வது? மேசை விளிம்பு வழியே எட்டிப் பார்த்தேன். அவர் கண் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டது. கை அதை நோக்கிப் போயிற்று. பின்னாலேயே ஓடிவந்த பெனடிக்ட் சார் வாசலில் நின்றார். விருந்தாளியின் கையைப் பிடிக்க முடியாது. தன் டையைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இருங்க" என்று ஒரு குரல் கேட்டது.

சரசு அம்மாள். பெனடிக்ட் சாரை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, என் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணமான புதிதில் வீட்டில் இருந்தது இரண்டே தறி. புருஷன் ஒன்று, இவர் ஒன்று என்று ஓட்டியவர். அதைப் பிறகு அவரே சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தம்மாவின் வலதுகை, எதையோ பிடித்திருப்பதுபோல, காற்றில் மெல்ல அசைந்தது மட்டும்தான்.

"நொண்டலீங்க" என்றார்.

"என்ன சரசு சொல்றே? காதுல கேக்குதல்ல?"

"நல்லாக் கேளுங்க. தறி நொண்டுச்சுன்னா போகப்போகத் தள்ளித் தள்ளிப் போயிருமல்லங்க? இது அப்படிப் போகலீங்க. எத்தனை வாட்டி போனாலும் அதே எடத்துல திரும்பி வந்து நிக்குது பாருங்க... இப்பங்க... இதா, இப்பங்க." அவர் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் டிரம் கச்சிதமாக வந்து விழுந்தது. கண்ணைத் திறந்து சிரித்தார். "வேணும்னே பண்றாங்க. இது நொண்டலீங்க, ஆடுதுங்க."

சுவிட்சின்மேல் பழனிசாமியின் கை அப்படியே நின்றது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற முகத்தோடு கேட்டார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் அவர் வாய் 'இப்ப' என்று சத்தமில்லாமல் அசைந்தது. டிரம் விழுந்தது.

"அட கெரகமே" என்றார். "ஆமாங்க."

பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "தம்பி, அக்கட்டால இருந்து வெளிய வாங்க. சர்க்கரையை அப்படித் திங்காதீங்க, ஒடம்புக்கு ஆகாது."

திரும்பிப் போய்ச் சாப்பிட்டார்கள். தம்பிக்கு மட்டும் நம்பிக்கை வரக் கொஞ்சம் நேரமாயிற்று. ஏசிப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே பிரியாணியை முடித்தார். பழனிசாமி ஒவ்வொரு பாட்டிலும் திரும்பி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, மகளுக்கு விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். "அப்பா, சாப்பிடுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று திவ்யா தலையில் கைவைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் விரல் டம்ளரில் ஒரு தட்டு தட்டியது. நான் பெனடிக்ட் சாரைப் பார்த்தேன். அவர் தூணைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஹால் புக்காயிற்று. "தாலி கட்டறது ஊருல, நாதசுரந்தானுங்க. இங்க ரிசப்சன் சாப்பாட்டுக்கு அந்த மூணு பொண்ணுங்களையே பாடச் சொல்லிப்போடுங்க" என்றார் பழனிசாமி. அவர்கள் நேரில் வரமாட்டார்கள், அட்டையில்தான் இருக்கிறார்கள் என்று விளக்கியதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வெங்காயம் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. முதலாளிகள் மாறி நான் ஓய்வு வாங்குகிற வரைக்கும் அது அங்கேதான் இருந்தது.

ரிசப்ஷன் அன்று வரை எனக்கு ஒரு விஷயம் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அன்று லீவு போட்டிருப்பேன். கல்யாணத்துக்குச் சோமனூரிலிருந்து நான்கு பேர் மட்டும் வரமாட்டார்கள். சோமனூரே வந்திருந்தது. ஹால் மூலையில் பாட்டுப் பெட்டியும் சர்க்கரைக் கிண்ணமுமாக நான். பந்தி நிறையத் தறிக்காரர்கள். நாத்தனார்களை ஓடவிட்டேன். டிரம் முதல் சுற்றை முடிப்பதற்குள் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்கள். கடைசி வரிசையில் நாலைந்து பேர் எழுந்தே விட்டார்கள். என் கை சர்க்கரைக் கிண்ணத்துக்குள் போயிற்று.

அப்போது பட்டு வேட்டி சரசரக்கப் பழனிசாமி பந்திக்குள் புகுந்தார். மகளின் கல்யாணத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய், கும்பிட்ட கையோடு, வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டே சொன்னார்:

"நொண்டலீங்க, உக்காருங்க. ஆடுதுங்க. சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

ஆகவே பிரவீணா, உன் ஆப்பில் நீலச்சேலை அம்மணியையும் மூணு நாத்தனாரையும் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து குரலைக் கேட்டு எடுத்துக் கொடுக்கிறேன். அதற்குள் எந்த மேசையிலாவது பாட்டு தொடங்கியதும் யாராவது ஸ்பூனை நிறுத்திக் கூரையைப் பார்த்தால், பட்டன் பக்கமே போகாதே. பக்கத்தில் போய், எந்த ஊருங்க என்று கேள். சோமனூர் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். வேறு ஊர் என்றால் ஏசியைப் பார், நிஜமாகவே ரிப்பேராக இருக்கும்.